மூன்று வரியும் மாத மடலும்



பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த தமிழர் கூடும் சபைகள் பலவற்றில் மாதந்தோறும் நான்கு பக்கத்தில் ஒரு மடல் வெளிவருவதை நீங்கள் அறிவீர்கள். பிரசங்கச் சுருக்கம், ஜெபக் குறிப்புகள், திருமண அறிவிப்பு, வாடகை வீடு தேடுவோருக்கு இரண்டு வரி. தில்லியில் நாங்களும் அப்படி ஒன்றை நடத்திவருகிறோம். அதை அச்சிடுவது எளிது, வாசிக்கப்பண்ணுவது அரிது. ஆராதனை முடிந்து வாசலில் அதை வாங்கிச் செல்பவர்களுக்கு உள்ளே இருப்பதில் பாதி ஏற்கெனவே தெரியும். யாருக்கு அது மெய்யாகவே வேண்டுமோ, அவர்கள் அந்த வாசலுக்கு வர இயலாதவர்கள். ஞாயிறன்றும் பணியிலிருக்கும் செவிலியர், முதலாளியின் வாகனத்தோடு ஊர் ஊராய்ச் செல்லும் ஓட்டுநர், நொய்டாவுக்கோ குருகிராமுக்கோ மாற்றலாகிப் போன குடும்பம் ஆகியோரே அவர்கள். மடலுக்கு வாசகரைப் பெருக்குவது எப்படி என்று உடன் ஊழியர்கள் கேட்கும்போதெல்லாம், முதலில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய்வாருங்கள் என்கிறேன்.

சிரிக்க வேண்டாம். நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தின் பெயரைத் தாங்கிய அந்தச் சந்தை, தில்லி ஹாட்டுக்கு எதிரே இருக்கிறது. கறிவேப்பிலை, முருங்கைக்காய், சின்ன வெங்காயம், மரவள்ளிக்கிழங்கு, வாழை இலை என நம் அடுக்களைக்கு வேண்டிய அனைத்தும் அங்கே கிடைக்கும். 2010-இல் மெட்ரோ நிலையம் திறந்தபின் தூரத்துக் காலனிகளிலிருந்தும் நம்மவர் பையோடு வந்து இறங்குகிறார்கள். அங்கே மீன் விற்கும் ஒருவர் தம் வாடிக்கையாளருக்குத் தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புவார். இன்று வஞ்சிரம் உண்டு, நெத்திலி உண்டு, விலை இன்னது. அவ்வளவுதான். சங்கரா வராத நாளில் சங்கரா இல்லை என்றும் எழுதுவார். அந்த ‘இல்லை’யின்மேல்தான் அவருடைய வியாபாரமே நிற்கிறது என்பது என் எண்ணம். எங்கள் கடைக்கு வாருங்கள் என்று அவர் ஒருபோதும் எழுதுவதில்லை. கடைக்குப் போகாதவருக்கும் அந்தச் செய்தி பயன்படுகிறது. ஆகையால் அதை யாரும் வாசியாமல் தள்ளுவதில்லை. வீட்டில் விசேஷம் என்று வரும்போது, அவர்கள் வேறு கடையை நினைப்பதும் இல்லை.

இது கைப்பேசி வந்தபின் பிறந்த தந்திரம் என்று எண்ணிவிடாதீர்கள். நம் தரங்கம்பாடியைப் பாருங்கள். 1706 ஜூலையில் அங்கே கரையிறங்கிய சீகன்பால்கு ஐயர் கடிதம் எழுதுவதில் சளைக்காதவர். பள்ளிக்கூடம், தமிழ் கற்றது, தமிழரோடு நடந்த உரையாடல் என்று கண்டதையும் கேட்டதையும் எழுதிக் கப்பலில் அனுப்பினார். கப்பல் போய்ச் சேரப் பல மாதங்கள் ஆகும். ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரில் அக்கடிதங்களை 1710 முதல் தொகுதி தொகுதியாக அச்சிட்டார்கள். அந்த வெளியீடு 1772 வரை தொடர்ந்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேல்! வாசித்தவர்கள் கொடுத்தார்கள். இங்கிலாந்திலிருந்து அச்சுப்பொறி வந்தது, ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துக்கள் வந்தன, 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியிலேயே அச்சாகி முடிந்தது.

அக்கடிதங்களில் சில 1709-இல் லண்டனில் ஆங்கிலத்தில் வெளிவந்தன. தரங்கம்பாடி ஊழியத்தைப் பற்றிய அந்த விவரம் எப்வொர்த் என்னும் சிற்றூரில் ஒரு குருவானவர் வீட்டை எட்டியது. அவருடைய மனைவி சூசன்னா வெஸ்லி அதை வாசித்துப் பல நாட்கள் வேறொன்றையும் நினைக்க முடியாதிருந்தார். 1712 பிப்ரவரியில் கணவருக்கு எழுதிய கடிதத்தில் அதன் விளைவைச் சொல்கிறார். ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளையைத் தனியே அழைத்துக் கொஞ்ச நேரம் பேசத் தொடங்கினாராம். வியாழக்கிழமை, அப்போது எட்டு வயதான ஜானுக்கு; சனிக்கிழமை, சார்லஸுக்கு. நாள் மாறுவதில்லை. ஞாயிறு மாலையில் வீட்டாருக்கென்று அவர் நடத்திய சிறு ஜெபவேளையைக் கேள்விப்பட்டு அண்டை வீட்டார் ஒவ்வொருவராய் வந்தார்கள். கடைசியில் இருநூறு பேருக்கு மேல் கூடி, இடமில்லாமல் பலர் திரும்பிப் போனார்கள். அழைப்பிதழ் அச்சடித்தவர் யாரும் இல்லை. ஜான் வெஸ்லியின் ஊழியத்தைக் குறித்து நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நம் சோழமண்டலக் கரையிலிருந்து போன கடிதத்துக்கு அந்த வீட்டில் இருந்த பங்கை வேதாகமக் கல்லூரியில் நான் முதன்முதலாக அறிந்த நாளில், வகுப்பு முடிந்தும் எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். செவ்வாயும் வெள்ளியும் காலை ஆறு மணிக்கு மூன்று வரி. அதற்கு மேல் இல்லை. மருத்துவமனையும் கல்லறையும் போதகரின் நாட்களை எப்போது எடுத்துக்கொள்ளும் என்று தெரியாதபடியால், ஒரே அமர்வில் எட்டுச் செய்திகளை எழுதிவைத்துக்கொள்கிறேன். ஒரு செய்திக்கு ஒரே பொருள். மடலை வாசியாதவருக்கும் அது முழுமையாக இருக்க வேண்டும். பாதியைச் சொல்லி, மீதியை மடலில் காண்க என்று ஏங்கவிடுவது எனக்குச் சம்மதமில்லை. மாதத்தில் ஒரே ஒருமுறை மட்டும், மடல் வந்துவிட்டது, வேண்டுவோர் பெயரும் முகவரியும் அனுப்பலாம் என்று எழுதுகிறேன். நான்கு பக்கமும் தமிழில் எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறும் இங்கே பிறந்த பிள்ளைகள்கூட மூன்று வரியை வாசித்துவிடுகிறார்கள். மடலுக்கு வந்த புதிய வாசகரில் சிலர் அந்தப் பிள்ளைகளின் வழியாக வந்த பெற்றோர்.

குழு அமைத்து எல்லாரையும் அதில் சேர்ப்பதை நான் விரும்புவதில்லை. குழுவில் ஒருவர் எண் மற்றவர் அனைவருக்கும் தெரியும். நம் சகோதரிகளுக்கு அது எத்தனை தொல்லை! பிராட்காஸ்ட் பட்டியல் என்று ஒன்று உண்டு. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் பதிந்துவைத்தவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். இது ஒரு குறை என்று சிலர் சொல்கிறார்கள். நானோ இதை நன்மையாகவே எண்ணுகிறேன். போதகர் அனுப்புவது வேண்டும் என்று ஒருவர் தாமே மனதார எடுத்துவைக்கும் முதல் அடி அது. இன்னும் பலருக்கு அனுப்ப விரும்பினால், 2023-இல் வந்த சேனல் வசதி இருக்கிறது. அதைப் பின்தொடர்பவரின் எண்ணை மற்றப் பின்தொடர்வோர் காண முடியாது.

இதைப் பத்துப் பேருக்கு அனுப்புங்கள், இன்றிரவே அற்புதம் நடக்கும் என்று வரும் செய்திகளைக் குறித்து என்ன சொல்வேன்! ஆசீர்வாதத்தை எண்ணிக்கைக்கு விற்கிறவர்கள் வாசகரைப் பெருக்கவில்லை, பயத்தைப் பெருக்குகிறார்கள். வதந்திச் செய்திகளால் நம் தேசத்தில் உயிர்களே போனபின், 2018-இல் ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கு மேல் திருப்பியனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் இங்கே கட்டுப்பாடு வைத்தது. சபைகள் தாமாகவே முன்னதாக வைத்திருக்க வேண்டிய கட்டு அது.

இன்னொன்று. ஜெபக் குறிப்பில் நோயாளியின் பெயரை நான் எழுதுவதே இல்லை. ஒரு குழுவில் நல்லெண்ணத்தோடுதான் ஒரு சகோதரியின் பெயரையும் வியாதியையும் எழுதினார்கள். அது கைமாறிக் கைமாறி, பெண் பேசிவைத்திருந்த வீட்டாருக்கு அன்று மாலையே போய்ச் சேர்ந்தது. திருமணம் நின்றது. அந்தச் சகோதரி சுகமடைந்தார். ஆனால் மறுபடியும் யாரிடமும் ஜெபிக்கச் சொல்லிக் கேட்கத் துணியவில்லை. மூன்று வரி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி. பெயரில்லாத விண்ணப்பத்தையும் கர்த்தர் அறிவார்.

பதில் வந்தால் அன்றே ஒரு வார்த்தையாவது எழுதிவிடுகிறேன். பெரும்பாலும் ஒரு ஸ்தோத்திரம், அல்லது கைகூப்பிய படம். எப்போதாவது ஒரு கேள்வி வரும். அடுத்த மாத மடலின் முதல் பக்கம் பல சமயம் அந்தக் கேள்வியிலிருந்தே பிறக்கிறது. ஆகவே எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணுவதைவிட, யார் என்ன கேட்டார் என்று ஒரு நோட்டில் குறித்துவைப்பது எனக்குப் பயன்பட்டிருக்கிறது.

மார்க்கெட்டை ஒட்டிய கோட்லா முபாரக்பூரில் ஓர் அறையில் மூவராய்த் தங்கியிருக்கும் ஓட்டுநர் தம்பி ஒருவர், ஓராண்டு காலம் ஒரு பதிலும் எழுதாமல் வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை எழுதினார்: “ஐயா, மடலை எங்க அம்மாவுக்கு ஊருக்கு அனுப்ப முடியுமா? அவங்க போன் பாக்கமாட்டாங்க. தாள்ல இருந்தா வாசிப்பாங்க.” இப்போது மாதந்தோறும் தூத்துக்குடி மாவட்டத்துக் கிராமம் ஒன்றுக்கு எங்களிடமிருந்து ஓர் உறை போகிறது. முகவரியை நான் எழுதுவதில்லை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அவரே வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார். மகனுடைய கையெழுத்து மேலே இருந்தால்தான் அம்மா உறையைப் பிரிப்பார்களாம்.