பிரிக்பீல்ட்ஸில் ஓர் ஊசிப் பாடம்

சுண்ணக்கட்டி பிடித்தே பழகிப்போன நாற்பது வயதுக் கை ஊசியைப் பிடித்தால் என்ன ஆகும்? அதைப் பார்க்க என்னோடு ஒரு சனிக்கிழமை காலையில் கிள்ளானிலிருந்து புறப்படுங்கள்.

புறப்படும்போதே வீட்டில் ஒரு தடங்கல். நான் கற்கப் போவது 'சாஷிகோ' என்னும் ஜப்பானியக் கைத்தையல் என்றதும், பால்மரம் வெட்டி ஓய்ந்த என் தாயாருக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஏம்மா, உலகத்துல வேற தையலே இல்லையா?" என்றார். பாட்டியின் அண்ணனை ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் போடக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது, அவர் திரும்பவில்லை. அப்போது துணிப் பஞ்சம். பாட்டி கோணிச் சாக்கைத்தான் உடுத்தியிருந்தாராம். நான் பதில் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டேன்.

தெங்கு கிளானா சாலையில் கருநீலப் பருத்தித் துணியும் தடித்த வெள்ளை நூலும் வாங்கிக்கொண்டு, பசியாறிவிட்டு ரயில் ஏறினேன். ஷா ஆலாம், சுபாங் ஜெயா கடந்து, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கே.எல். சென்ட்ரல். வெளியே வந்தால் துன் சம்பந்தன் சாலை, அதுதான் பிரிக்பீல்ட்ஸ். 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தபின், அத்தாப்புக் குடிசைகளுக்குப் பதில் கல் வீடுகள் கட்டச் செங்கல் சுட்ட இடம் என்பதால் வந்த பெயர். இன்று செங்கல் இல்லை. மல்லிகையும் முறுக்கு வாசமும் உண்டு.

அங்கே ஒரு மாடி வீட்டில், ஜப்பானில் சில காலம் வாழ்ந்த அம்மையார் ஒருவர் நான்கைந்து பேருக்குச் சொல்லித் தருகிறார். சாஷிகோ என்றால் 'சிறு குத்தல்' என்று பொருளாம். வேறொன்றுமில்லை, நாம் கிழிசல் தைக்கும் அதே ஓட்டுத் தையல்தான்! ஜப்பானின் வடபகுதியில் கடுங்குளிர், பருத்தி விளையாது. ட்சுகாரு என்ற நாட்டில் 1724-இல், குடியானவர்கள் பருத்தி உடை உடுத்தக்கூடாது என்று சட்டமே போட்டார்கள். சணல்நார்த் துணியில் குளிர் புகாதபடி நெருக்க நெருக்க நூலோட்டித் தைத்துக்கொண்டார்கள் அந்த ஏழைப் பெண்கள். பழைய எடோ நகரத்துத் தீயணைப்பாளர்களும் இப்படிப் பல மடிப்பாய்த் தைத்த சட்டையைத் தண்ணீரில் நனைத்துப் போட்டுக்கொண்டுதான் நெருப்புக்குள் போனார்களாம். நம் பிள்ளைகள் பார்த்திருக்கும் ஜூடோ சட்டையின் தடித்த துணிக்கும் இதே பெயர்தான்.

இனி என் பாடு. ஊசியைத் துணிக்குள் ஓட்டக்கூடாது. ஊசியை நிறுத்திவிட்டுத் துணியைச் சேலைக் கொசுவம்போல அதன்மேல் ஏற்ற வேண்டும். உள்ளங்கையில் மாட்டிய உலோக வில்லையால் ஊசியைத் தள்ள வேண்டும். ஒவ்வொரு தையலும் அரிசிமணி அளவு. எல்லாம் ஒரே அளவு. ஒரு வரி முடிந்ததும் துணியை விரலால் நீவிவிட வேண்டும், இல்லையேல் சுருங்கிவிடும். நான் நீவ மறந்தேன். என் முதல் வரி மண்புழுபோல் நெளிந்தது. பக்கத்திலிருந்த பதினாறு வயதுப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டது எனக்குத் தெரியாமலில்லை. பிள்ளைகளின் கோணல் எழுத்துக்கு நான் போட்ட சிவப்புக் கோடுகளெல்லாம் நினைவுக்கு வந்தன!

மூன்றாம் வாரம் சணல் இலைக் கோலம் போட்டேன். சணல்போல் நிமிர்ந்து வளரட்டும் என்று குழந்தைச் சட்டையில் போடுவார்களாம். அதைக் கொண்டுவந்து, ட்சுகாரு பெண்களின் கதையையும் தாயாரிடம் சொன்னேன். அவர் துணியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

"முடிச்சு முடிச்சா கெடக்கே" என்றார்.

பிறகு உள்ளே போய், பாட்டி தைத்த ஒட்டுப்போர்வையை எடுத்து வந்தார். பழைய கைலித் துண்டுகள். நடுவே கை அகலத்துக்கு ஒரு சாக்குத் துண்டு. விளிம்பெல்லாம் ஓட்டுத் தையல், அரிசிமணி அரிசிமணியாக. பின்பக்கத்தில் ஒரு முடிச்சுக்கூட இல்லை.

"அடுத்த வாரம் அந்த அம்மாகிட்ட இதைக் காட்டு" என்றார். நான் மடித்துப் பையில் வைக்கும்போது மறுபடியும் சொன்னார்: "ரயில்ல வெச்சுட்டு வந்துடாதே."