பேர்போன இடம்

ஒரு வெள்ளிக்கிழமை, ஃபஹாஹீலுக்குப் போய் மரக்கறி வாங்கித் திரும்பிய பிறகு, எங்கள் அறையில் ஒரு சொல்லுக்காகச் சண்டை வந்தது. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்த தம்பி ஒருவன், “நொட்டோரியஸ்லி எண்டால் என்ன அண்ணை?” என்றான். பேர்போன என்று சொன்னோம். “அப்ப ஃபேமஸ்லி?” அதற்கும் அதே சொல்தான் எங்கள் வாயில் வந்தது.

அகராதியைப் புரட்டினோம். முந்தைய சொல் லத்தீனிலிருந்து வந்த காலத்தில் ‘எல்லாருக்கும் தெரிந்தபடி’ என்று மட்டுமே பொருள்பட்டிருக்கிறது. கெட்ட காரியங்களோடு சேர்த்துச் சொல்லிச் சொல்லியே அது கெட்ட பேர் எடுத்துவிட்டது. பிந்தையது தப்பிக்கொண்டது. இரண்டு பேர் நல்ல சிநேகிதமாக இருந்தால் ஃபேமஸ்லி ஒத்துப்போகிறார்கள் என்றுகூட ஆங்கிலேயர் சொல்வார்கள். வள்ளுவரும் 24ஆம் அதிகாரத்தில் இசையையும் வசையையும் பிரித்தே வைத்தார். நாங்களோ வைத்தியரையும் பேர்போனவர் என்போம், கள்ளனையும் பேர்போனவன் என்போம்.

தம்பி ஒரு வாக்கியம் கேட்டான். மங்காஃப் எதற்குப் பேர்போனது? வெயிலுக்கு என்றார் ஒருவர். குவைத் முழுக்க வெயில்தானே! ஒன்றுக்குமில்லை என்று சிரித்தோம். ஊரில் கேட்டால் நாங்கள் குவைத் என்றுதான் சொல்வோம். மங்காஃப் என்றால் அது எங்கே என்பார்கள்.

2024 ஜூன் 12ஆம் திகதி விடியற்காலை, இதே மங்காஃபில் தொழிலாளர் தங்கியிருந்த மாடிக் கட்டடமொன்று தீப்பற்றியது. மின்னொழுக்கு என்றார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பல்ல, புகை. இந்தியர் மட்டும் குறைந்தது 45 பேர். 14ஆம் திகதி இந்திய விமானப்படையின் விமானம் உடல்களைக் கொச்சிக்குக் கொண்டுபோனது. அவர்களில் ஏழு பேர் தமிழ்நாட்டவர், எங்கள் மொழி பேசியவர்கள். ஃபஹாஹீல் கடைகளில் அவர்களுக்குப் பக்கத்தில் நின்று நாங்களும் வெங்காயம் பொறுக்கியிருக்கலாம்.

அந்த ஏழு பேரின் பெயர்களையும் பத்திரிகைகள் போட்டன. வாசித்தோம். சில மாதங்களுக்குப் பின் அறையில் ஒருவரையொருவர் கேட்டுப் பார்த்தோம். ஒருவருக்கும் ஒரு பெயர்கூட ஞாபகமில்லை. எண்ணிக்கை மட்டும் இருந்தது. இடத்துக்குப் பேர் வந்துவிட்டது. ஆட்களின் பேர் போய்விட்டது. தம்பி பிறகு அந்த வாக்கியத்தைக் கேட்கவில்லை.

இப்போது ஊருக்குத் தொலைபேசி எடுத்தால் மங்காஃப் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. “நெருப்புப் பிடிச்ச இடமோ?” என்கிறார்கள்.

ஓம் என்கிறோம்.