இரு நிரல்களில் ஒரு பெயர்

பிறந்த ஊரில் மனிதனுக்குப் பெயர் ஒன்றே. தெருமுனையில் நின்று அழைத்தால் திரும்பிப் பார்ப்பதற்கு அது போதும். பிழைப்பை நாடி ஊரை விட்டுப் புறப்பட்ட நாள் முதல் அந்த ஒரு பெயர் பலவாகக் கிளைக்கத் தொடங்குகிறது. தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ வந்து இறங்கிய தமிழன் நிரப்பும் படிவம் அவனை மூன்று கேள்விகள் கேட்கிறது: முதற்பெயர் என்ன, நடுப்பெயர் என்ன, குடும்பப்பெயர் என்ன? தந்தையின் பெயருக்கு ஓர் எழுத்தை முன்னால் வைத்து நிறைவு கண்ட நம்மிடம் இம்மூன்றுக்கும் விடை இல்லை. ஆகவே ஓரிடத்தில் தந்தையின் பெயர் குடும்பப்பெயராகிறது. ஓரிடத்தில் பிறந்த ஊரே குடும்பப்பெயராகிறது. வேறோரிடத்தில் நம் பெயர் பின்னுக்குத் தள்ளப்பட்டு, தந்தையின் பெயராலேயே நாம் அழைக்கப்படுகின்றோம். தலைப்பெழுத்தே நமக்குத் தலையெழுத்தாகிவிட்டது என்று நம்மவர் நகையாடுவதுண்டு.

அந்த நகையாட்டுக்குள் எத்துணை உண்மை பொதிந்திருக்கிறது என்பதை, நாம் சார்ந்துள்ள தமிழ் அமைப்பு ஒன்றின் உறுப்பினர் ஏட்டைச் சீர்செய்யும் பணியில் ஈடுபட்டபோது உணர்ந்தோம். இரண்டு பட்டியல்கள் நம் முன் இருந்தன. ஒன்று, அழைப்பிதழ் அனுப்புவதற்காக நெடுங்காலமாக அச்சகத்தில் காத்து வந்த முகவரிப் பட்டியல். மற்றொன்று, அண்மை ஆண்டுகளில் சந்தா செலுத்தியவர்களின் பட்டியல். நம் இளைஞர்கள் கைபேசியிலும் கணினியிலுமாகத் தட்டெழுதியது. முதற் பட்டியலில் இருந்து இரண்டாவதில் இல்லாதவர் யார் எனக் கண்டு, அவர்கள் பெயரை நீக்க வேண்டும் என்பது குழுவின் முடிவு. நீக்கப்பட்டவருக்குப் பொங்கல் விழா அழைப்பு இல்லை. பொதுக்குழுவில் வாக்கு இல்லை. பிள்ளைகள் தொலைவில் வாழ, தனித்து முதுமையைக் கழிக்கும் பெரியோர் சிலருக்கு ஆண்டில் தமிழில் வரும் கடிதம் அந்த அழைப்பு ஒன்றுதான். எனவே இது வெறும் கணக்கு வேலையன்று.

இரண்டு பட்டியல்களையும் விரிதாளில் அருகருகே இரு நிரல்களாக அமைத்தோம். 'வி-லுக்கப்' என்னும் கட்டளையை இட்டோம். ஒரு நிரலில் உள்ள பெயரை மற்றதில் தேடித் தருவது அதன் தொழில். காணாத இடத்தில் 'என்-ஏ' என்ற குறியை அது எழுதும். திரை முழுவதும் அக்குறியே நிரம்பி நின்றது. சென்ற வாரம் நம்மோடு அமர்ந்து காப்பி அருந்தியவர் 'இல்லை' என்றது பொறி. சந்தாவைக் கையில் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கிச் சென்றவரும் 'இல்லை'. இரு நிரல்களிலும் அவர்கள் பெயர் நம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஆயினும் பொறி தன் சொல்லில் நின்றது.

விரிதாள் கணக்கருக்காகப் பிறந்த கருவி. 1979ஆம் ஆண்டில் டான் பிரிக்லினும் பாப் பிராங்ஸ்டனும் வெளிக்கொணர்ந்த 'விசிகால்க்' தொடங்கி இன்றைய எக்ஸெல் வரை, எண்களைக் கூட்டவும் பெருக்கவுமே அதன் கட்டங்கள் முதன்மையாக அமைந்தன. பெயர்கள் அவ்வீட்டில் நம்மைப் போலவே பின்னர்க் குடியேறியவை. அங்குள்ள சட்டங்களைக் கற்றுக்கொண்டால்தான் அங்கு வாழ இயலும்.

முதற் சட்டம், வெற்றிடமும் ஓர் எழுத்தே என்பது. பெயரைத் தட்டியபின் விரல் பழக்கத்தால் இடைவெளிப் பட்டையை ஒரு முறை அழுத்திவிட்டால், நமக்கு அது ஒன்றுமில்லை. பொறிக்கோ பெயர் ஓர் எழுத்து நீண்டுவிட்டது. 'லென்' என்னும் கட்டளை ஒரு கட்டத்தில் எத்தனை குறிகள் உள்ளன என எண்ணிச் சொல்லும். ஒன்றுபோல் தோன்றும் இரு பெயர்களுக்கு இரு வேறு எண்ணிக்கை வந்தால், கண்ணுக்குப் புலப்படாத ஏதோ ஒன்று உள்ளே ஒளிந்திருக்கிறது என்று பொருள். 'டிரிம்' என்னும் கட்டளை முன்னும் பின்னும் உள்ள வெற்றிடங்களை நீக்கி, நடுவில் மிகுந்தவற்றை ஒன்றாக்கும். எனினும் அதற்கும் பிடிபடாத ஓர் இடைவெளி உண்டு. வழக்கமான இடைவெளியின் குறியெண் 32. இணையப் பக்கங்களிலிருந்து எடுத்து ஒட்டும்போது உடன் வரும் இடைவெளியின் குறியெண் 160. இதனை 'டிரிம்' தொடுவதில்லை. 'சப்ஸ்டிட்யூட்' என்னும் கட்டளையால் தனியே மாற்றல் வேண்டும். கட்டத்துக்குள் வரி உடைந்திருந்தால் அதை அகற்ற 'கிளீன்' உதவும். இவ்வளவும் செய்தபின் 'இல்லை'களில் ஒரு பகுதி உதிர்ந்தது.

அடுத்து வந்தது தமிழுக்கே உரிய சிக்கல். ஒருங்குறி பரவுவதற்கு முன்னர்த் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தத்தம் வழியே சென்றன. 1999இல் சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி 'டாம்', 'டாப்' என்னும் குறியீட்டு முறைகளை ஏற்ற தமிழக அரசு, 2010இல் ஒருங்குறியை ஏற்றது. பழைய எழுத்துருக்களில் 'கோமதி' என எழுத, கொம்பை முதலில் இட்டு, ககரத்தை எழுதி, காலைப் பின்னர் இடுவர். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும்போது, ஓகாரக் குறி ஒரே குறியாக அமையாமல் சில வேளைகளில் கொம்பும் காலும் தனித்தனியாகவே நின்றுவிடுகின்றன. திரையில் வேறுபாடு சிறிதும் தெரியாது. ஆனால் ஒரு பட்டியலில் 'கோ' இரு குறிகள், மற்றதில் மூன்று. இவ்விரண்டும் ஒன்றே எனக் கொள்ள வேண்டும் என்பது ஒருங்குறியின் விதி. ஆயினும் குறியெண்ணுக்குக் குறியெண் வைத்து ஒப்பிட்டால் அவை வேறு வேறு. ஆகவே முதலில் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொணர்தல் வேண்டும்.

'கௌரி' என்னும் பெயரும் இவ்வாறே. ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பை இட்டு, பக்கத்தில் ளகரத்தை எழுதிவிடுவாரும் உளர். வாசிப்பவருக்கு அது கௌரியே, பொறிக்கு 'கெளரி'. ரி, ரீ, ர் ஆகியவற்றில் ரகரத்தின் கீழ்க்கோடு மறைந்து கால் போலவே தோன்றுவதால், ரகரம் இருக்க வேண்டிய இடத்தில் காலையே தட்டிவைத்தலும் உண்டு. மாரியும் மூர்த்தியும் பாரியும் இதனால் தம் இணையைக் காணாமல் தவித்தனர்.

இங்கு ஒரு பழைய நினைவு நம் உள்ளத்தில் எழுகின்றது. 1978ஆம் ஆண்டில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியபோது ணா, லை முதலிய எழுத்துகள் உருமாறின. 'அண்ணாமலை' என்னும் ஒரு பெயரிலேயே இரண்டு எழுத்துகள் மாறின. தாத்தா பழைய வடிவில் எழுதினார். பேரன் புதிய வடிவில் எழுதினான். இருவரும் வெவ்வேறு அண்ணாமலையைக் குறிக்கின்றனர் என யாரும் எண்ணவில்லை. வடிவம் வேறுபட்டும் பெயர் ஒன்றே எனக் கண்டது மனிதக் கண். வடிவம் ஒன்றாயிருந்தும் பெயர் வேறு என்கிறது பொறி.

பெயரை விடுத்து உறுப்பினர் எண்ணைக் கொண்டு ஒப்பிடலாமே என அன்பர்கள் கேட்பர். அதுவே சிறந்த வழி. ஆயினும் எண்ணிலும் ஒரு பொறி வைத்திருக்கிறது பொறி. ஒரு பட்டியலில் 0047 என்பது எழுத்தாகப் பதிந்திருக்கும். மற்றதில் முன்னுள்ள சுழிகள் உதிர்ந்து 47 என்னும் எண்ணாகியிருக்கும். நாம் வேறு அமைப்புச் செய்யாதவரை, எண்கள் கட்டத்தின் வலப்புறமும் எழுத்துகள் இடப்புறமும் ஒட்டி நிற்கும். எழுத்தாகப் பதிந்த எண்ணின் மூலையில் சிறு பச்சை முக்கோணம் தோன்றும். இவற்றைக் கண்டு இரண்டையும் ஓரினமாக்கல் வேண்டும். 3-4 என்ற வீட்டு இலக்கத்தை நாளாகவே மாற்றிவிடும் வழக்கமும் விரிதாளுக்கு உண்டு. மார்ச், செப்டம்பர் என்னும் மாதப் பெயர்களை ஒத்த குறியீடுகள் கொண்ட மரபணுக்களை அது நாள்களாக மாற்றி வந்தமையால், மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் அறிவியற் குழு 2020இல் அக்குறியீடுகளையே மாற்றியது. மரபணுக்கள் அதற்கு வருந்தப்போவதில்லை. மனிதரிடம் அவ்வாறு சொல்ல இயலுமா?

இவையெல்லாம் பொறியின் சிக்கல்கள்; பொறியாலேயே தீர்ந்தன. எஞ்சியவை மனிதரின் சிக்கல்கள். தலைப்பெழுத்து ஒரு பட்டியலில் முன்னால், மற்றதில் பின்னால். புள்ளியோடு ஒன்று, புள்ளியின்றி ஒன்று. மணத்துக்கு முன் தந்தையின் எழுத்தைக் கொண்டிருந்த மகளிர் பின்னர்க் கணவரின் எழுத்தைக் கொண்டனர். சாதிப் பெயரைத் துறந்தவர் சிலர். ஒத்த பெயர்களைத் தோராயமாக இணைத்துத் தரும் கருவிகளும் உள. அவற்றை நாம் முழுதும் நம்பவில்லை. பேரனுக்குப் பாட்டன் பெயரை இடுவது நம் மரபு. எழுத்து நெருங்கியிருப்பதால் ஆளும் ஒருவரே எனக் கொண்டால், ஒருவர் செலுத்திய சந்தா மற்றவர் கணக்கில் ஏறும். 'வி-லுக்கப்' கட்டளையிலும் நான்காம் உறுப்பை எழுதாது விட்டால் அது தோராயத் தேடலையே மேற்கொள்ளும். பக்கத்து வீட்டுக்காரரைக் காட்டி 'இவரே அவர்' என்றும் சொல்லும். 'இல்லை' என்னும் பொய்யைவிட 'ஆம்' என்னும் பொய் கொடியது. அது கேள்வியே எழுப்புவதில்லை.

ஆகவே மூலப் பட்டியலில் கை வைக்காமல், பக்கத்தில் ஒரு புதிய நிரலில் சீர்செய்த பெயரை எழுதி, எண்ணைக் கொண்டு இணைத்து, எஞ்சியோரைத் தனியே எடுத்தோம். அவர்கள் ஒரே தாளில் அடங்கினர். ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்தோம்.

சிலர் ஓய்வு பெற்றுக் கோவைக்கும் திருச்சிக்கும் திரும்பியிருந்தனர். சிலர் மகனோடு வேறு நகருக்குச் சென்றிருந்தனர். ஓர் எண்ணில் முதிய அம்மையார் ஒருவர் பேசினார். நாம் தேடிய பெயர் அவருடைய கணவருடையது.

"அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது, தம்பி. சந்தாவை என் பெயரில் நான் கட்டிக்கொண்டுதான் வருகிறேன். அழைப்பிதழ் மட்டும் அவர் பெயருக்கே வரட்டும். தபாலில் அந்தப் பெயரைப் பார்க்க எனக்கு இப்போது வேறு வழியில்லை" என்றார்.

முதற் பட்டியலில் கணவர் இருந்தார்; இரண்டாம் பட்டியலில் மனைவி இருந்தார். எழுத்தளவில் இருவருக்கும் பொருத்தம் இல்லை. அவர் மறைந்த செய்தி எந்த ஏட்டிலும் ஏறியிருக்கவில்லை. பொய்யான 'இல்லை'கள் அத்தனைக்கும் நடுவே மெய்யான இந்த 'இல்லை' மறைந்து கிடந்தது. வெற்றிடத்தையும் கொம்பையும் காலையும் களைந்திராவிட்டால் இவ்வம்மையாரின் குரல் நம் செவிக்கு எட்டியிராது. பொறி முதலில் தந்த பட்டியலை அப்படியே ஏற்றிருந்தால், அடுத்த தைத்திங்களில் அவ்வீட்டுக்கு அழைப்பிதழ் சென்றிராது.

விரிதாளில் 'குறிப்பு' என ஒரு நிரலைப் புதிதாகச் சேர்த்தோம். உறுப்பினர் அம்மையார்; அழைப்பில் எழுத வேண்டிய பெயர் அவர் கணவருடையது என்று அதில் பதிந்தோம். குழுவும் அதற்கு இசைந்தது.

பட்டியல்களைக் கையாளும் நம் இளைஞர்களுக்கு ஒரு சொல். பொறி 'இல்லை' என்றால், 'நீ எழுதித் தந்த வடிவில் எனக்குக் கிடைக்கவில்லை' என்பதே அதன் பொருள். 'அப்படி ஒருவர் இல்லை' என்பதன்று. குடும்பத் தலைவர்களுக்கும் ஒரு சொல். பள்ளிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, ஆதார், சங்க ஏடு ஆகிய அனைத்திலும் பிள்ளைகளின் பெயர் ஒரே வடிவில் அமையுமாறு இன்றே பார்த்துக்கொள்ளுங்கள். தலைப்பெழுத்தை விரித்தால் எங்கும் விரித்தே எழுதுங்கள். சுருக்கினால் எங்கும் சுருக்கியே எழுதுங்கள். அதற்குப் பின்னும் ஏதேனும் ஓர் ஏட்டில் ஒரு பெயர் பொருந்தாமற் போகலாம். அப்போது நீக்குவதற்கு முன் ஒரு முறை அழைத்துப் பேசுங்கள்.