தீபனின் வீட்டில் யாழினி

யுத்தத்திலிருந்து திரும்பிய ஓர் ஆணைப் பற்றிய படமென்றால் அவன்தான் நடுவில் நிற்பான். அவனோடு ஒரே கூரையின் கீழ் வாழும் பெண் ஓரத்தில் நிற்பாள். ‘தீபன்’ படத்தைப் பார்த்த பிறகு எங்கள் பெண்களிடையே எழுந்த பேச்செல்லாம் இதைப் பற்றியே.

2015ஆம் ஆண்டு பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் அதியுயர் விருதான தங்கப் பனையைப் பெற்ற படம் இது. இயக்கியவர் ஜாக் ஒடியார் என்ற பிரெஞ்சுக்காரர். ஆனாலும் படத்தில் பெரும்பாலும் பேசப்படுவது தமிழ். தீபனாக நடித்தவர் எழுத்தாளர் ஷோபாசக்தி. இளம் வயதில் இயக்கத்தில் சேர்ந்து, பின்பு விலகி, அகதியாகப் பிரான்ஸ் போனவர். யாழினியாக நடித்தவர் சென்னை நாடகக் கலைஞரான காளீஸ்வரி சீனிவாசன்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். யுத்தத்தின் முடிவில் மனைவி பிள்ளைகளை இழந்த ஒரு போராளி சீருடையைக் கழற்றி எரிக்கிறான். இறந்துபோன ஒரு குடும்பத்தின் பாஸ்போர்ட்டில் நாட்டைவிட்டுப் போக, அவனுக்கு ஒரு மனைவியும் மகளும் தேவை. யாழினி மனைவியாகிறாள். தாய் தகப்பன் இல்லாத சிறுமி இளையாள் மகளாகிறாள். பாரிஸின் புறநகரில், போதைப்பொருள் கும்பல்கள் ஆட்சி செய்யும் மாடிக் குடியிருப்பில் தீபனுக்குப் பராமரிப்பாளர் வேலை கிடைக்கிறது. யாழினி ஒரு முதியவருக்குச் சமைக்கப் போகிறாள். கடைசியில் யாழினி கும்பலிடம் அகப்பட, தீபன் தனியாளாகப் பலரைக் கொன்று அவளை மீட்கிறான்.

எங்கள் தோட்டத்துச் சேமிப்புக் குழுவில் ஒன்பது பெண்கள் இருக்கிறோம். நான்கு பேர் என்னைப் போல வன்னியிலிருந்து திரும்பி வந்தவர்கள். 1977, 1983 வன்செயல்களில் அடிபட்டு மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள். 2009இல் மெனிக் பாம் முகாமில் இருந்துவிட்டு, உறவுகளைத் தேடி மறுபடியும் டிக்கோயாவுக்கு வந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடி இந்தப் படத்தை மடிக்கணினியில் பார்த்தோம். பிரெஞ்சில் பேசிய இடங்கள் எங்களுக்கு விளங்கவில்லை. யாழினிக்கும் விளங்கவில்லை தானே என்று சிரித்துக்கொண்டோம்.

முதலில் பேசியவர் என் சின்னம்மா. “செத்தவங்க பாஸ்போர்ட்ல போனதுக்கு அவங்கள ஏன் குத்தம் சொல்லணும்? நம்ம சனத்துக்கும் ஒரு காலத்துல பேப்பர் இல்லத்தானே?” என்றார். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களை இரண்டு நாடுகளுக்குப் பிரித்தது. எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை வழங்க 2003இலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது. ஒரு துண்டுக் காகிதம் ஆளுக்கு என்னவெல்லாம் செய்யும் என்று சின்னம்மாவுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

முள்ளிவாய்க்கால் வரை போய் வந்த அக்கா ஒருவர் வேறொரு காட்சியைப் பிடித்துக்கொண்டார். கும்பல்களின் சண்டையை நிறுத்த, தீபன் தரையில் வெள்ளைக் கோடு போட்டு, இது சூடு நடத்தக்கூடாத இடம் என்கிறான். “எங்களுக்கும் பாதுகாப்பு வலயம் எண்டு அறிவிச்சவை. அதுக்குள்ளதான் என்ர மகன் போனவன்” என்றார் அக்கா. கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை.

கொழும்பில் வேலை செய்யும் தங்கச்சிக்கு முடிவு நன்றாகப் பிடித்திருந்தது. “ஒரு ஆளாவது நமக்காக வந்து நின்னானே, அக்கா” என்றாள். அவளுடைய ஆசை எனக்கு விளங்குகிறது. ஆபத்து நேரத்தில் ஒருவரும் வராமல் போன பெண்கள் நாங்கள். ஆனால் என்னால் அந்த முடிவை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அகதிக் குடும்பத்தின் கதையாக வந்த படம் கடைசியில் சண்டைப் படமாகிவிட்டது என்று விமர்சகர்கள் பலரும் குறை சொன்னார்கள். என் குறை வேறு. யுத்தம் ஒருவனுக்குள் விட்டுச்சென்ற வன்முறை, தருணம் வரும்போது பெண்ணைக் காப்பாற்றும் என்று அந்த முடிவு சொல்கிறது. வீடுகளில் நாங்கள் கண்டது அதுவல்ல.

என் அண்ணன் 2011இல் புனர்வாழ்வு முகாமிலிருந்து வந்தவர். தீபாவளிக்குப் பட்டாசு வெடித்தால் லயத்துக்குப் பின்னால் போய்க் குந்தியிருப்பார். கோப்பை விழுந்த சத்தத்துக்கு அண்ணியை அடித்த நாட்களும் உண்டு. அடித்துவிட்டுத் தானே அழுவார். “கஷ்டப்பட்டு வந்த மனுசன், பொறுத்துக்கொள்” என்று நாலு பேர் சொன்னதால் அண்ணி இரண்டு வருடம் வாய் திறக்கவில்லை.

படத்திலும் இதற்கு ஓர் அடையாளம் இருக்கிறது. பயந்துபோன யாழினி இங்கிலாந்திலுள்ள உறவினரிடம் போகப் புறப்படும்போது, தீபன் அவளைப் பலவந்தமாகத் தடுக்கிறான். பிறகு அவன் அவளை மீட்கும்போது, பார்ப்பவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள். எங்கள் ஒன்பது பேரில் அதை நினைவில் வைத்திருந்தவர் அண்ணி ஒருவர்தான்.

இது தமிழருக்கு மட்டும் உரியதல்ல. 1982இல் வந்த முதல் ‘ராம்போ’ படமும் வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய் ஒருவன், ஓர் ஊரையே எதிர்த்து நடத்தும் சண்டைதான். யுத்தம் போன்ற பேரதிர்ச்சிகளால் வரும் இந்த மனப் பாதிப்பை அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1980இலேயே ஒரு நோயாக ஏற்றுக்கொண்டிருந்தார்கள். திடுக்கிடல், தூக்கமின்மை, கெட்ட கனவு, காரணமில்லாத கோபம் எல்லாம் அதன் அறிகுறிகள். தெற்கில் இராணுவத்திலிருந்து விலகியவர்களின் வீடுகளிலும் இதே கஷ்டத்தைச் சுமக்கும் சிங்களச் சகோதரிகள் இருப்பார்கள்.

நோயென்றால் வைத்தியம் உண்டு. ஆனால் நோய் என்பது அடிப்பதற்கு அனுமதியாகாது. அண்ணி கடைசியில் பிரதேச செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் போய்ச் சொன்னார். அதன் பிறகே அண்ணன் மனநல கிளினிக்குக்குப் போகத் தொடங்கினார். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். அண்ணன் இப்போது இரவில் தூங்குகிறார். கோபம் வந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறார். அண்ணியும் கிளினிக் திகதியை மறப்பதில்லை.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படி இருந்தால் இரண்டு இலக்கங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தேசிய மனநல உதவிக்கு 1926. பெண்களுக்கான உதவிக்கு 1938. படத்தையும் முடிந்தால் பாருங்கள், பிள்ளைகள் தூங்கிய பிறகு. தீபன் எத்தனை பேரை வென்றான் என்பதைவிட, யாழினி எங்கே பயந்தாள், யாருக்குப் பயந்தாள் என்று பக்கத்து வீட்டுப் பெண்ணோடு பேசிப் பாருங்கள். உங்கள் கருத்தை எங்களுக்கும் எழுதுங்கள்.