படப்புக்குள் ஒரு கை

எட்டயபுரம் தாண்டித் தூத்துக்குடி போகிறவர்கள் எங்கள் ஊர்ப் பலகையைப் பார்த்துச் சிரிப்பார்கள்: எப்போதும்வென்றான். மானாவாரிக் கரிசலில் எப்போதும் வென்றவர் யார்?

சிறுவயதில் ஒரு தை மாதம். அறுத்துப் போட்டிருந்த சோளத்தட்டை மேல் காலந்தப்பிய மழை. ஈரம் உலரும் முன்னே அப்பா அவசரமாகப் பெரிய படப்பாகப் போட்டுவிட்டார். மூன்றாம் நாள் தாத்தா கூப்பிட்டார். மேலே தொட்டேன், சில்லென்று இருந்தது.

"மேல என்னலே தொட்டுப் பாக்க? கைய உள்ள விடு."

முழங்கை வரை விட்டேன். வெந்நீர்ப் பானைக்குள் விட்டதுபோலச் சுட்டது. கையெல்லாம் புளிச்ச வாடை. கோவில்பட்டித் தீக்குச்சிக்காவது ஒரு உரசல் வேண்டும். ஈரப் படப்புக்கு அதுவும் வேண்டாம் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

முதுகலையில் எல்லை மதிப்புக் கணக்கு வந்தபோது அந்தச் சூடு நினைவுக்கு வந்தது. ஓரத்தில் என்ன மதிப்பு என்று கொடுத்துவிடுவார்கள். உள்ளே என்ன என்று நாம் சொல்ல வேண்டும். படப்பின் ஓரத்தில் இருப்பது காற்றின் சூடு. அதற்கு மேற்பட்ட உபரி, ஓரத்தில் பூஜ்யம், உள்ளே நேர்மதிப்பு. சூடு ஏறினால் உள்ளே நடக்கும் வேதிவினை வேகமெடுக்கும். வேகமெடுத்த வினை இன்னும் சூட்டைக் கிளப்பும். வட்டிக்கு வட்டி மாதிரி. அந்த வேகம் சூட்டுக்கு நேர்விகிதத்தில் நில்லாமல் அதைவிட வேகமாக ஏறுவதால்தான் அது நேரியலல்லாத கணக்கு.

1939-இல் ஃபிராங்க்-கமெனெட்ஸ்கி என்ற சோவியத் விஞ்ஞானி, தானாக வெடிக்கும் பொருள்களுக்காக, சூடு பிறப்பதற்கும் வெளியேறுவதற்கும் உள்ள இந்தப் போட்டியை ஒரே எண்ணில் அடக்கினார். அதன் பெயர் டெல்டா. தட்டையான அடுக்குக்கு அதன் வரம்பு சுமார் 0.878. அதற்குக் கீழே இரண்டு தீர்வுகள் உண்டு. சிறியது நிலைத்து நிற்கும்; பெரியது கத்திமுனையில் நிற்கிற நெல்மணி. வரம்பைத் தாண்டினால் தீர்வே கிடையாது.

தீர்வு இல்லை என்றால் எங்கோ கணக்கில் பிசகு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பிசகு ஒன்றுமில்லை. சூடு வந்து தங்குவதற்கு ஓர் அளவு இல்லை, அவ்வளவுதான். ஏறிக்கொண்டே போகும், முடிவில் தீ.

வரம்புக்குக் கீழே, தீர்வைக் கண்டுபிடிக்காமலே அது இருக்கிறது என்று நிறுவலாம். கணிதவியலாளர் கிராஸ்னோசெல்ஸ்கியின் தேற்றம் செய்வது அதைத்தான். சமன்பாடு சிறு மதிப்பைப் பெருக்கி, அதைவிடப் பெரிய ஒரு மதிப்பைச் சுருக்குகிறது என்று காட்டினால் போதும். நடுவில் எங்கோ ஒன்று பெருகாமல் சுருங்காமல் நின்றாக வேண்டும்.

அடுக்கின் கனம் இரட்டித்தால் டெல்டா நான்கு மடங்காகும். தாத்தாவுக்கு டெல்டா தெரியாது. படப்பைப் பிரித்துக் களத்தில் பரப்பி, வெயிலில் உலர்த்தி, அகலம் குறைந்த இரண்டு படப்புகளாகப் போட்டார். அதற்குப் பிறகும் ஒரு வாரம், விடிந்ததும் போய்க் கையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டுத்தான் காப்பி குடித்தார்.