வரவு

அம்மா போனபின் அய்யா ஊரில் தனியாகத்தான் இருந்தார். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கிராமம். நாங்கள் மூவரும் ஆளுக்கொரு நகரத்தில். மாதம் பிறந்தால் பணம் அனுப்புவோம்; ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் பேசுவோம். பிள்ளைகளின் கடமை என்று நாங்கள் எண்ணியிருந்தது அவ்வளவே.

2022 ஐப்பசி மழையில் வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனை, பதினோரு நாள், 2,60,000 ரூபாய். அரசுக் காப்பீட்டு அட்டையை அவரும் வாங்கி வைத்திருக்கவில்லை, நாங்களும் நினைத்துப் பார்த்ததில்லை. யார் எவ்வளவு போடுவது என்று வராந்தாவில் நின்று நாங்கள் பேசிக்கொண்டது உள்ளே கட்டில்வரை கேட்டிருக்கிறது. அது பின்னால்தான் தெரிந்தது.

தை மாதத்தில் கோலூன்றி நடந்தார். எலும்பு கூடிவிட்டது; மனிதர்தான் கூடவில்லை. சாவடிக்குப் போவது நின்றது. பாதிச் சோற்றில் கை கழுவினார். விடிய நெடுநேரம் இருக்கும்போதே விழித்து முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். கேட்டால் வயிறு எரிகிறது என்பார். நாங்களும் வயிற்றையே நம்பினோம். கார் பிடித்தோம், ஸ்கேன் எடுத்தோம், குழாய் விட்டுப் பார்த்தோம். ஒன்றுமில்லை என்று ஒவ்வொரு முறையும் காசு கொடுத்துத் தெரிந்துகொண்டோம். ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் அவர் இன்னும் ஒடுங்கினார்.

கண்டுபிடித்தவர் எங்களில் ஒருவரல்ல. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து ரத்த அழுத்த மாத்திரை கொடுக்கும் பெண். அரசாங்க மாத்திரையை அய்யா ஒருவேளையும் தவறவிடுவதில்லை. நாங்கள் வாங்கி அனுப்பியவை மட்டும் அட்டை அட்டையாக உறை பிரியாமல் கிடக்கின்றன என்று சொன்னார். தாலுகா மருத்துவமனைக்கு மனநல டாக்டர் வரும் நாளையும் அவரே சொன்னார்.

அங்கே டாக்டரம்மா எங்களைப் பேசவிடாமல் அவரைக் கேட்டார். நெடுநேரம் கழித்து அய்யா சொன்னது ஒரே வரி: "கடங்காரனாச் சாகப்படாதும்மா."

2006இல் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தபோது, முந்தைய வருஷமே கட்டித் தீர்த்திருந்ததால் ஒரு பைசா பயனடையாதவர் அவர். அதைப் பெருமையாகவே சொல்வார். பழைய விதைக்கணக்கு நோட்டில் இப்போது எங்கள் பெயர்கள் இருந்தன. பெரியவன், ஆபரேஷன், இவ்வளவு. சின்னவன், கார் வாடகை, இவ்வளவு. மகள் பெயருக்கு நேரே தொகை இல்லை; 'வளையல்' என்று மட்டும் எழுதியிருந்தார். அடகு வைத்ததை அவள் அவரிடம் சொல்லவேயில்லை. வெறுங்கையைப் பார்த்திருக்கிறார்.

பெற்றோரைக் கைவிடும் பிள்ளைகளுக்கு 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. செலவழித்துச் செலவழித்தே ஒருவரைக் கடனாளியாக உணரவைத்த எங்களை எந்தப் பிரிவில் சேர்ப்பது?

மாத்திரை இலவசமாகவே கிடைத்தது. தூக்கம் மெல்லத் திரும்பியது. தங்கை இரண்டு மாதம் வந்து இருந்தாள். செலவைப் பற்றி அவர் காதுபடப் பேசுவதில்லை என்று முடிவு செய்தோம். அது தவறு என்று சீக்கிரமே புரிந்தது. மறைத்தால் அவர் கூடுதலாகக் கற்பனை செய்துகொண்டார். பிறகு எல்லாத் தொகையையும் உள்ளபடி சொல்லத் தொடங்கினோம்.

2024 தையில் வாரத்துக்கு விட்ட நிலத்திலிருந்து உளுந்து வந்தது. மூன்று பைகளாகக் கட்டி வைத்திருந்தார். ஊரில் எல்லாம் கிடைக்கிறதே, சுமந்துகொண்டு போக வேண்டுமா என்று வாய்வரை வந்தது. பேசாமல் எடுத்துக்கொண்டோம்.

"கடையில கிலோ என்ன வெலைக்கு விக்கான்?" என்றார்.

கொஞ்சம் கூட்டியே சொன்னோம். மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, நோட்டை விரித்து, ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் வரவு வைத்தார்.