குடும்பத் தலைவர்

2011-ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பணி நமக்கும் வந்து சேர்ந்தது. ஆசிரியப் பணியில் இருப்போருக்கு அது தவிர்க்க இயலாத கடமை. 29 வினாக்கள் கொண்ட படிவங்களைத் தோள்பையில் சுமந்து, தூத்துக்குடித் தெருக்களில் 9-ஆம் நாள் முதல் வீடு வீடாக ஏறி இறங்கினோம்.

பிறந்து வளர்ந்த ஊர்தான். ஆயினும் கதவைத் தட்டி, "எங்கே பிறந்தீர்கள்? தாய்மொழி யாது?" என்று கேட்ட பிறகே ஊர் தன்னை நமக்குக் காட்டத் தொடங்கிற்று. மாலையில் படிவங்களைச் சரிபார்க்கக் கூடும்போது, சக ஆசிரியர்கள் தத்தம் பகுதிகளைப் பற்றிக் கூறுவார்கள். கடற்கரைப் பக்கம் பெர்னாந்து, ரொட்ரிகோ, கோமஸ் என்னும் பெயர்கள். 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர் திருமுழுக்குப் பெற்றபோது போர்த்துக்கீசியர் விட்டுச் சென்ற தடம் அது. கடைவீதிகளில் நாடார் பெருமக்களும், காயல்பட்டினத்திலிருந்து வந்து வணிகம் செய்யும் இஸ்லாமியரும். ஊரின் விளிம்பிலோ, வெயிலில் உப்பு வாரி வெடித்த கால்களுடன் உப்பளத் தொழிலாளர். 1974-இல் பெருந்துறைமுகம் ஆனபின் வேலை தேடி வந்து தங்கிவிட்டோர் வேறு. முத்தும் உப்பும் பஞ்சும் கப்பலும் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு கூட்டத்தாரை அழைத்து வந்து குடியமர்த்திய ஊர் இது. நமது ஊர் என்று நாம் சொன்னபோதெல்லாம் நமது தெருவைத்தான் சொல்லி வந்தோம் என்பது அப்போது உறைத்தது.

28-ஆம் நாள் இரவு வந்தது. வீடற்றோரை எண்ணும் இரவு அது. நமது பகுதிக்குட்பட்ட கடை வாசல்களில் கைவிளக்குடன் நடந்தோம். மூடிய கடையொன்றின் திண்ணையில் முதியவர் ஒருவர் சாக்கு விரித்துப் படுத்திருந்தார். எழுப்பினோம். விளக்கொளியில் முகத்தைக் கண்டதும் திடுக்கிட்டோம். ஞாயிறுதோறும் பனிமய மாதா பேராலயத்திற்குச் செல்லும் வழியில் அமர்ந்திருப்பவர். ஆண்டுக்கணக்கில் நாணயம் இட்டிருக்கிறோம், பெயர் கேட்டதில்லை.

தனியாக வாழ்பவரும் படிவத்தில் ஒரு குடும்பமே. எனவே அவரைக் 'குடும்பத் தலைவர்' என்று எழுதினோம். எழுதுவதை வாய்விட்டுச் சொன்னபோது அவர் சிரித்தார்.

"எனக்கு ஏது சார் குடும்பம்? நான் என்ன தலைவரு?"

அவர் அளித்த மற்ற விடைகளைக் கணக்கெடுப்புச் சட்டப்படி நாம் வெளியிடலாகாது, வெளியிடவும் இல்லை. ஆனால் அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

விடிந்ததும் இட்டிலிப் பொட்டலத்துடன் மீண்டும் சென்றோம். இம்முறை படிவம் இல்லை. திண்ணையில் அருகே அமர்ந்தோம். பழைய துறைமுகத்தில் கொழும்புத் தோணிகளுக்கு மூட்டை ஏற்றிய நாள்களைப் பற்றி அவர் பேசினார். முதுகு ஒடிந்த ஆண்டு, மனைவி இறந்த ஆண்டு, வாடகை கொடுக்க முடியாமல் வெளியேறிய மாதம் என அனைத்தும் அவருக்கு நினைவிருந்தன. நாம் கேட்டுக்கொண்டிருந்தோம். புறப்படும் வேளையில் அவர் சொன்னார்:

"ராத்திரி அம்புட்டையும் கேட்டிய. ஒங்க பேரச் சொல்லலியே, சார்!"

நாணித் தலைகுனிந்து நம் பெயரைச் சொன்னோம்.

அக்கணக்கெடுப்பின்படி தூத்துக்குடி நகரின் மக்கள்தொகை 2,37,830. அந்த எண்ணின் கடைசி இலக்கங்களில் எங்கோ அவரும் இருக்கிறார், நாமும் இருக்கிறோம். அரசு இருவரையும் ஒவ்வொன்றாகவே எண்ணியது. நமது கணக்கில்தான் அவர் அதுவரை சேரவில்லை.

குடிக்கணக்குக்காகப் பெத்லகேம் சென்ற ஏழைக் குடும்பத்திற்கு விடுதியில் இடம் கிடைக்கவில்லை என்று லூக்கா எழுதுகிறார். அவ்வூராரும் கெட்டவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். நம்மைப் போலவே, வந்தவரின் பெயரைக் கேட்க மறந்திருப்பார்கள்.

2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு பெருந்தொற்றால் தள்ளிப்போயிற்று. ஆனால் நம் தெருவை, நம் பங்கை, ஆலய வாசலை நாம் எண்ணிப் பார்க்க அரசின் ஆணை எதற்கு? அடுத்த ஞாயிறு வழியில் அமர்ந்திருப்பவரிடம் முதலில் நம் பெயரைச் சொல்வோம். பிறகு அவர் பெயரைக் கேட்போம்.